பினாங்கில் இறங்கியவர்

அந்த முறை மாரி விட்டுவிட்டுப் பெய்யவில்லை, ஒரேயடியாகப் பெய்தது. கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் களப்புத் தண்ணீர் றோட்டுக்கு ஏறி, றோட்டுத் தண்ணீர் வளவுகளுக்குள் இறங்கி, ஜெமீலாவின் வீட்டுப் படிவரைக்கும் வந்து நின்றது. இறால் பிடிக்கிறவர்கள் தோணிகளைக் கவிழ்த்துவிட்டுக் கடை விறாந்தைகளில் குந்தியிருந்தார்கள். இப்படியான நாட்களில்தான் ஊருக்குக் கதைக்க நேரம் கிடைக்கும். அந்த மாரியில் ஊருக்குக் கிடைத்த கதை ஸுஹைரின் மௌத்து.

ஸுஹைர் மௌத்தாகி மூன்று மாதத்துக்கு மேலாகிவிட்டது. பொஞ்சாதி ஜெமீலா இத்தாவில் இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, வாசல் தாண்டாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். ஊரில் எத்தனையோ பெண்கள் இருந்த இத்தாதான். ஆனால் அவர்களுடைய புருசன்மாரெல்லாம் வீட்டிலோ ஆஸ்பத்திரியிலோ களப்பிலோ மௌத்தானவர்கள். ஊர்ப் பள்ளி மையவாடியில் படுத்திருக்கிறவர்கள். ஸுஹைர் மௌத்தானது கப்பலில். அதுவும் பிழைப்புக்குப் போன கப்பலில் அல்ல, உல்லாசப் பயணம் போன கப்பலில். ஜெமீலா பெட்டியோடும் கைப்பையோடும் தனியாகத் திரும்பி வந்தாள். ஊர் அதை எப்படி விடும்?

மழையென்றும் பாராமல் தினமும் வருகிறவள் அடுத்த வளவு நுஸ்ரத் ஒருத்திதான். அவள் துக்கம் விசாரித்து முடித்துக் கன நாளாகிவிட்டது. இப்போது வருவது வேறு விசயத்துக்கு. கட்டாரில் இருக்கும் மகள் பஹ்மியா, தாயையும் தகப்பனையும் அடுத்த வருசம் கப்பல் பயணம் கூட்டிப்போகப் போகிறாளாம். மௌத்தான வீட்டில் இதைக் கேட்பது முறையில்லை என்று நுஸ்ரத்துக்கும் தெரியும். ஆனாலும் கிண்ணியா முழுக்கத் தேடினாலும் அந்த மாதிரிக் கப்பலில் ஏறி இறங்கின பொம்பிளை ஜெமீலாதான். வேறு யாரிடம் போய்க் கேட்பது?

"குறை நினைக்காதீங்க ராத்தா," என்றாள், குசினிப் படியில் காலைத் துடைத்துக்கொண்டே. "சும்மா அறிஞ்சு வெச்சிக்கிறதுக்குத்தான். அந்தக் கப்பல்ல போறது நல்லமா, கூடாதா?"

ஜெமீலா முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நல்லமும் இரிக்கி. கூடாததும் இரிக்கி."

"நல்லத முதல்ல சொல்லுங்க."

"பெட்டிய ஒருக்கா வெச்சாக் காணும். பிறகு தூக்கத் தேவல்ல. நீ பாட்டுக்குப் படுத்துக் கிடப்பாய், விடிஞ்சு பார்த்தா வேற ஒரு ஊர் ஜன்னலுக்குப் பக்கத்தில நிக்கும். முழங்கால் வருத்தக்காரருக்கு அது பெரிய சுகம். பஸ் இல்ல, இடிபாடு இல்ல. நாள் முழுக்கச் சாப்பாடு. வேணுமா, வேணுமா எண்டு கேட்டுக் கேட்டுத் தருவாங்க. என்னை அப்பிடி ஒருத்தரும் வாழ்நாளில கேட்டதில்ல நுஸ்ரத். எனக்கு வெக்கமாப் போச்சு."

"கூடாதது?"

"குளிர். சுவருக்குள்ளயிருந்து குளிர் வரும், நிப்பாட்டத் தெரியாது. எது ஹலால் எண்டு பார்த்துப் பார்த்துக் கடைசியில பாணும் முட்டையும் பழமும்தான். தொழ நிண்டா, ஸலாம் குடுக்கிறதுக்குள்ள கப்பல் திரும்பிடும். கிப்லா எங்க எண்டு மறுகாத் தேடோணும்." ஆய்ந்த இலையைச் சுளகில் தட்டினாள். "எல்லாத்தையும் பொறுக்கலாம். ஆனா கப்பலுக்கு ஒரு நேரம் இரிக்கி. அந்த நேரத்துக்கு அது வெளிக்கிட்டுப் போயிடும். உனக்கு என்ன நடந்தாலும் அது நிக்காது."

நுஸ்ரத் கீழே விழுந்த இலைகளைப் பொறுக்கிச் சுளகில் போட்டாள்.

"ராத்தா, உங்கட மகன் இன்ஷாப் புதன்கிழமை வாறானாமே?"

"ஓம். கொன்றாக்ட் முடிஞ்சு வாறான்."

"லைலா ராத்தா வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு இஞ்ச வரப்போறாவாம். அவனிட்ட வல்லாஹி எண்டு சத்தியம் வாங்கப் போறாவாம். காக்காவக் கப்பல்காரன் கடலில போட்டிட்டான், தாயும் மகனும் மறைக்கிறாங்க எண்டுதான் அவ சொல்லித் திரியிறா. நான் நம்பல்ல, சனம் நம்புது."

முருங்கைக் காம்புகளைக் கூட்டி அள்ளிய ஜெமீலா, எறிய இடம் தெரியாதவள்போல அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

"வரட்டும்," என்றாள். "அவ இந்த வீட்டு வாசல மிதிச்சாலே எனக்குக் காணும்."

லைலா, ஸுஹைரின் ஒரே தங்கச்சி; அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள். லைலாவுக்கு அப்படிக் கேட்க உரிமை இல்லையென்று ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டுமென்றால் அவளுக்கு வீடு இருக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பான். தகப்பன் இல்லாத லைலாவுக்கு அந்த வீட்டைக் கட்டியது ஸுஹைர். பதினாறு வயதில் பாதை என்று ஊர் சொல்லும் மிதவையில் களப்பைக் கடந்து, திருகோணமலைத் துறைமுகத்தில் கோதுமைக் கப்பல்களுக்கு வேலைக்குப் போனார். பெரிய குழாய் வைத்துக் கோதுமையை உறிஞ்சி எடுத்த பிறகு, கப்பலின் அடிவயிற்று மூலைகளில் ஒட்டிக் கிடப்பதைச் சவளால் சுரண்டிக் கூட்டுகிற வேலை. மேலே வரும்போது கண்ணிமை மயிரிலும் மாத்தூசி ஒட்டியிருக்கும். அந்தக் காசில் லைலாவுக்குச் சுவர் எழும்பியது, ஓடு ஏறியது, நிலம் சீமெந்து கண்டது. அதுவரைக்கும் அவர் தனக்குக் கலியாணம் பேச விடவில்லை. ஜெமீலாவைக் கட்டும்போது தலையில் பாதி நரைத்துவிட்டது.

நாற்பது வருசம் கப்பல்களுக்குள் இறங்கி ஏறிய மனுசன், கப்பல் என்றால் அடிவயிறு மட்டும்தான் கண்டவர். மேல்தட்டில் என்ன இருக்கிறது, கப்பித்தான் எங்கே படுக்கிறார், எங்கே சாப்பிடுகிறார் என்று ஒன்றும் தெரியாது. மகன் இன்ஷாப் பயணிக் கப்பலொன்றில் குசினி வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு வந்த சந்தோசம் கொஞ்சநஞ்சமல்ல. வேலையாட்களின் தாய் தகப்பன், ஆட்கள் குறைந்த காலத்தில் பயணிகளாக ஏறலாம் என்று இன்ஷாப் சொன்ன நாளிலிருந்து, அவர் கடைத்தெருவில் கண்டவர்களிடமெல்லாம் "நான் இந்த முறை கப்பலுக்கு மேல போறன்" என்று சொல்லித் திரிந்தார். வேண்டாம் என்றவள் லைலா ஒருத்திதான். "இந்த வயசில கடலில என்ன காக்கா வேல? உம்றாவுக்குப் போங்க" என்றாள். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

சிங்கப்பூரில் ஏறினார்கள். மாடி மாடியாக வெளிச்சமும் பாட்டும் தண்ணீர்த் தொட்டிகளுமாக அந்தக் கப்பல் இருந்தது. ஸுஹைர் குரங்குத்தொப்பியும் சுவெற்றரும் போட்டுக்கொண்டு, ஜெமீலாவின் கையைப் பிடித்து ஒவ்வொரு மாடியாகக் காட்டினார், ஏதோ தானே கட்டின வீட்டைக் காட்டுகிறவர் மாதிரி. கலியாணமான நாளிலிருந்து அவர் அவளுடைய கையைப் பிடித்து றோட்டில் நடந்ததில்லை. அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்? சாப்பாட்டு மண்டபத்தில் வெள்ளைச் சட்டைக்காரன் கதிரையை இழுத்துக்கொடுத்தபோது, இவர் அவசரப்பட்டு அவனையே அதில் இருத்தப் பார்த்தார்.

இன்ஷாப்பை மட்டும் காண முடியவில்லை. வேலையாட்கள் பயணிகளோடு குந்தக்கூடாது. அவன் கீழ்த்தட்டில் கிழங்கும் வெங்காயமும் உரித்துக்கொண்டிருந்தான். ஓய்வு கிடைக்கும்போது ஒரு பெட்டியில் சோறும் மீன் ஆணமும் சம்பலும் போட்டுக்கொண்டு பின்படியால் வந்து, கதவடியில் நின்றபடியே கொடுத்துவிட்டுப் போவான். ஸுஹைர் அவனுடைய கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தார். விரல் நுனிகள் வெந்து வெளிறிக் கிடந்தன.

"நீயும் அடித்தட்டிலதானா மகன்," என்றார்.

அதற்குப் பிறகு அவர் மேல்தட்டுக்கு அவ்வளவாகப் போகவில்லை. கட்டிலில் போர்த்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தார். "இந்தக் குளிர் எனக்கு ஏலாது ஜெமீலா" என்று நூறு தரம் சொன்னார். பினாங்குக்குப் போய்ச் சேர்கிற அன்று சுபஹ் தொழுதுவிட்டு, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது, கொஞ்சம் சாய்கிறேன் என்றார். ஜெமீலா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு திரும்பியபோது மனுசன் போய்விட்டார்.

கப்பல் டொக்டரும் ஒரு பெரிய அதிகாரியும் வந்தார்கள். மொழிக்கு இன்ஷாப்பை மேலே கூப்பிட்டார்கள். குசினி உடுப்போடு, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், அவன் தகப்பனுக்குப் பக்கத்தில் நின்று அதிகாரி சொன்னதைத் தாய்க்குச் சொன்னான். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கப்பலிலுள்ள குளிரறையில் ஜனாஸாவை வைத்து, சிங்கப்பூர் திரும்பியதும் அலுவல்கள் முடித்து விமானத்தில் ஊருக்கு அனுப்பலாம். எத்தனை நாள் பிடிக்குமென்று சொல்ல ஏலாது. மற்றது, இன்றைக்கே பினாங்கில் இறக்கி அந்த ஊர்ப் பள்ளிக்காரரிடம் கொடுத்து அடக்கலாம். அங்கே நம்முடைய ஆட்கள் இருக்கிறார்கள், தமிழ் கதைக்கிற முஸ்லிம்களும் இருக்கிறார்கள்.

எல்லாரும் ஜெமீலாவைப் பார்த்தார்கள். வாழ்நாளில் ஒரு மீனைக்கூட ஸுஹைரைக் கேட்காமல் வாங்கியிராதவள் அவள்.

"குளிரறையில வேணாம்," என்றாள். "அவருக்குக் குளிர் ஏலாது."

அவள் சொன்னது அவ்வளவுதான். மௌத்தான இடத்தில் தாமதமில்லாமல் அடக்குவதுதான் நல்லது என்று பிறகு ஊர் ஹஸ்ரத்தும் சொன்னார். அதைக் கேட்டு ஊர் தலையாட்டியது, ஆனால் மனம் ஆறவில்லை. ஜெமீலா மார்க்கம் பார்த்து முடிவெடுக்கவில்லை. போர்த்துக்கொண்டு நடுங்கிய மனுசனை ஐஸ்பெட்டியில் தள்ள அவளுக்கு மனசு வரவில்லை.

கப்பலில் வேலை செய்த இந்தோனேசியப் பொடியன்மார் ஐந்தாறு பேர் சேர்ந்து, இன்ஷாப்போடு ஜனாஸாவைக் குளிப்பாட்டினார்கள். கப்பலின் வெள்ளை விரிப்புகளைக் கபன் துணியாக்கிச் சுற்றி, வேலையாட்கள் சாப்பிடும் கூடத்தில் மேசைகளை ஒதுக்கித் தொழுகை வைத்தார்கள். "நீங்களும் கரைக்குப் போகிறீர்களா?" என்று அதிகாரி கேட்டார். ஜெமீலா மறுத்துவிட்டாள். புருசன் மௌத்தான அந்த நேரத்திலேயே இத்தா தொடங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் பெண்கள் மையவாடிக்குப் போவதும் இல்லை. தவிர்க்க முடியாத தேவைக்கு வெளியே போக இடமிருக்கிறதென்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மகன் இருக்கும்போது தனக்கு என்ன தேவை என்று நினைத்தாள். கதவைப் பூட்டி, திரையை இழுத்துவிட்டு, யாசீன் ஓதக் குந்தினாள். வெளியே பாட்டுக் கச்சேரி அறிவித்தார்கள். யாரோ கதவைத் தட்டினார்கள், கட்டில் விரிக்கிற பொடியனாக்கும் என்று அவள் அசையவில்லை.

பின்னேரம் கப்பல் வெளிக்கிட்ட பிறகு இன்ஷாப் வந்தான்.

"மண் போட்டியா மகன்?"

"ஓம் உம்மா. மூண்டு புடி போட்டனான்."

அந்த மூன்று பிடியை நம்பித்தான் அவள் ஊர்வரைக்கும் வந்து சேர்ந்தாள். வீட்டு வாசலில் லைலா நின்றிருந்தாள். "எங்க என்ட காக்கா?" என்று கேட்டாள். ஜெமீலா சொல்லச் சொல்ல, லைலாவின் முகம் கல்லாகிக்கொண்டு போனது. "போட்டோ ஒண்டுகூடவா இல்ல?" என்றாள். இல்லை. அன்றைக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனவள், பிறகு வரவேயில்லை. இத்தாவில் இருக்கிறவள் போய்க் கூப்பிடவும் ஏலாது. இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒரு ஒழுங்கைதான். மழை ஓய்ந்த நேரங்களில் லைலா கோழிகளை விரட்டுகிற சத்தம்கூட ஜெமீலாவுக்குக் கேட்கும்.

இன்ஷாப் புதன்கிழமை வந்தான். மெலிந்திருந்தான். தாயைக் கட்டிப் பிடித்துக் கொஞ்சினான். வாப்பாவின் கட்டிலைப் பார்க்காமல் மற்ற அறைக்குள் போய்விட்டான். வியாழக்கிழமை முழுக்கப் படுத்துக் கிடந்தான். வெள்ளிக்கிழமை காலையில் ஜெமீலா ஓரா மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது, கேட்காமலே குசினிக்கு வந்து நிலத்தில் குந்தி வெங்காயம் உரிக்கத் தொடங்கினான். கத்தி பறந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு சட்டி நிறைந்துவிட்டது.

"காணும் மகன். மூண்டு பேருக்கு எத்தின வெங்காயம்?"

அவன் நிறுத்தவில்லை.

"உம்மா, மாமி வல்லாஹி எண்டு கேப்பாவா?"

"கேப்பா. அவட குணம் உனக்குத் தெரியும்தானே. உள்ளத உள்ளபடி சொல்லு. பிறகு சாப்பிட்டுப் போவா."

"உள்ளத சொல்ல ஏலாது உம்மா."

மீன் கழுவிய தண்ணீரை ஊற்றப் போனவள் நின்றாள்.

"நான் மண் போடல்ல," என்றான். "நான் கரைக்கே போகல்ல."

கூரையில் மழை விழுகிற சத்தத்தில் தனக்குத்தான் சரியாகக் கேட்கவில்லையோ என்று அவள் பார்த்தாள். அவன் தலை நிமிராமல் சொல்லிக்கொண்டே போனான்.

"போகலாம் எண்டுதான் பெரியவர் சொன்னவர். வாப்பாவத் தூக்கிக்கொண்டு இறங்குற படிவரைக்கும் போனம். அங்க விடல்ல. வேலையாக்கள்ட அட்டைக்கு இந்த ஊர்ல இறங்க அனுமதி எடுக்கல்லயாம். எனக்குப் பைத்தியம் புடிச்ச மாதிரிப் போச்சு. பயணிட அட்டை இருக்கிறவங்க இறங்கலாம் எண்டாங்க. நான் மேல ஓடி வந்தனான் உம்மா, உங்களக் கூப்பிட. கதவத் தட்டினனான். நீங்க ஓதிட்டு இருந்தீங்க."

"நீயா தட்டினாய்?"

"ஓம்."

"உம்மா எண்டு ஒரு சத்தம் வெச்சிருக்கலாமே மகன்."

"வெச்சனான். பாட்டுப் போட்டிருந்தாங்க, கேட்டிருக்காது. பள்ளிக்காரர்ட வேன் நிக்காது, வேலைக்கு இறங்கு எண்டு கீழயிருந்து ஆள் வந்திட்டான். நான் கீழ போகவும், ரெண்டு பேர் தொப்பி போட்டவங்க வந்து வாப்பாவ எடுத்தாங்க. ஒருத்தர் தமிழ் கதைச்சவர். நாங்க பாத்துக்கிறம் தம்பி எண்டவர். அவர்ட பேரைக்கூடக் கேக்கல்ல. எந்தப் பள்ளி எண்டும் தெரியா. பிறகு எத்தினையோ பேரிட்டக் கேட்டுப் பார்த்திட்டன், அவனிட்டக் கேள், இவனிட்டக் கேள் எண்டுதான் சொல்றாங்க. பின்னேரம் நான் வந்தப்ப, நீங்க மண் போட்டியா எண்டு கேட்டீங்க. உங்கட முகத்தப் பார்த்திட்டு, ஓம் எண்டுட்டன்."

ஜெமீலா குசினிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் மகனைக் கோபிக்கவில்லை. கோபிக்க அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. அவளுடைய கைப்பையில் அன்றைக்குப் பயணிகள் அட்டை இருந்தது. ஒரு கதவைத் திறந்திருந்தால் போதும். தொழுகையிலும் ஒழுக்கத்திலும் ஊர் குறை சொல்லக்கூடாதென்று வாழ்ந்தவள், அந்த ஒழுக்கத்தைக் காப்பாற்றப்போய் மனுசனை ஒரு சொந்தமும் இல்லாமல் அனுப்பிவிட்டாள். அவரை எந்தப் பக்கம் கொண்டுபோனார்களென்று இந்த உலகத்தில் தனக்கும் தெரியாது, பெற்ற பிள்ளைக்கும் தெரியாது.

"மாமியிட்ட என்ன சொல்றது உம்மா? பொய்ச் சத்தியம் பண்ண என்னால ஏலாது."

"குளிச்சிட்டு ஜும்ஆவுக்குப் போ," என்றாள்.

லைலா சொன்னபடி வந்தாள். குடையையும் மீறி அபாயா முழங்கால்வரைக்கும் நனைந்திருந்தது. இந்த மூன்று மாதத்தில் அவளும் அரைவாசியாகிவிட்டாள். இன்ஷாப் கதிரையை இழுத்துப் போட்டான், இருக்கவில்லை. சுவரோடு நின்றுகொண்டாள்.

"நான் சண்டைக்கு வரல்ல மதினி. ஒண்டே ஒண்டு கேக்க வந்தனான். கேட்டிட்டுப் போயிடுவன்."

"இரி லைலா. இருந்து கேள்."

"இருக்க மாட்டன். இன்ஷாப், இஞ்ச வா மகன். முன்னால வா. என்ட காக்காவ எங்க வெச்சீங்க?"

"பினாங்கில மாமி."

"மண்ணிலயா, தண்ணியிலயா?"

"மண்ணில."

"நீ கண்ணால கண்டியா?"

இன்ஷாப் தாயின் பக்கம் திரும்பினான். லைலா அவனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொரோனா நேரம் ஓட்டமாவடியில கொண்டுபோய் அடக்கின மையித்துக்குக்கூட ஒரு நம்பர் இரிக்கி மகன். பத்து வருசம் கழிச்சுப் போனாலும் இதுதான் என்ட ஆள் எண்டு நிண்டு ஸலாம் சொல்லலாம். எனக்கு அதுகூட இல்ல. நான் படுத்தா அந்த வீட்டு முகடு தெரியுது. அந்த மனுசன் கோதுமைத் தூசியத் திண்டு போட்ட முகடு. கடலில போட்டிருந்தாலும் சொல்லு, நான் தாங்குவன். கடலுக்கும் அல்லாஹ்தான் சொந்தக்காரன். தெரியாம இரிக்கிறதுதான் எனக்கு ஏலாது. வல்லாஹி, என்ட வாப்பாவ மண்ணில வெச்சத நான் கண்டனான் எண்டு சொல்லு. சொல்லிட்டா நான் உங்கட கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கிறன்."

இன்ஷாப் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிவே லைலாவுக்குப் பதிலாகப் போய்விடும் என்று ஜெமீலாவுக்கு விளங்கியது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் லைலா திரும்பி நடந்துவிடுவாள். சாகிறவரைக்கும் தன் காக்காவைக் கடலுக்குள் தேடிக்கொண்டிருப்பாள்.

"அவனக் கேக்காத லைலா," என்றாள் ஜெமீலா. "அவன் போகல்ல. கப்பல் ஆக்கள இறங்க விடல்ல. நான்தான் போனனான்."

இன்ஷாப் நிமிர்ந்து பார்த்தான்.

"நீங்களா? எங்க?" என்றாள் லைலா.

"மையவாடிக்கு. அவரோட கூட. வேன்ல முன்னுக்கு இருந்து போனனான்."

"இத்தாவில இருந்துகொண்டா?"

"ஓம். இத்தாவில இருந்துகொண்டுதான். அவரத் தனிய விட எனக்கு ஏலாமப் போச்சு. ஊர் என்ன சொல்லும் எண்டு பயத்தில மறைச்சனான். மகனும் எனக்காகத்தான் மறைச்சான். நான் பார்த்தனான் லைலா. மண்ணிலதான் வெச்சாங்க. நான்தான் மூண்டு புடி போட்டனான்."

குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. சொல்லச் சொல்ல அவளுக்கு அந்த வேன் தெரிந்தது, வேனின் முன்சீற் தெரிந்தது, தான் இறங்கிப் போகிறதும் தெரிந்தது. கப்பலிலிருந்து வந்த நாள்முதல் இப்படி லேசாக அவள் மூச்சு விட்டதில்லை.

இப்படிப்பட்ட பழியைத் தன் தலையில் தானே போட்டுக்கொண்டு எந்தப் பொம்பிளையும் பொய் சொல்வாளா? லைலாவுக்குச் சத்தியம் கேட்கவே தோன்றவில்லை. சுவரிலே சாய்ந்தபடி அப்படியே வழுக்கி நிலத்தில் இருந்தாள்.

"என்ன மண் மதினி? களியா?"

"இல்ல. மணல் கலந்த மண். கையில ஒட்டல்ல."

"மரம் கிரம் இரிக்கா?"

"பக்கத்தில ஒரு மரம். பேர் தெரியா. நிழல் விழுற மரம்."

"மீசான் கல் நட்டாங்களா?"

"நட்டாங்க. ரெண்டு பக்கமும்."

லைலா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். சத்தம் வெளியே கேட்குமென்று பயப்படாமல் அழுதாள். பிறகு எழும்பி வந்து ஜெமீலாவின் வெள்ளைச் சாரிக்குள் முகத்தை வைத்து, "நீங்க செஞ்சதுதான் சரி மதினி, ஒருத்தரிட்டயும் நான் சொல்ல மாட்டன்" என்றாள். இன்ஷாப் குசினிக்குள் போய் நின்றுகொண்டான். ஜெமீலா அவளுக்குச் சோறு போட்டாள். அளவுக்கு மேல் வெங்காயம் விழுந்திருந்த ஆணத்தை லைலா குறை சொல்லாமல் சாப்பிட்டாள். ஸுஹைர் சின்ன வயதில் ஓரா மீனின் தலையைத் தனக்கு விட்டுத்தந்ததைச் சொன்னாள். பழைய கதைகள் பலதும் சொன்னாள். மழை கொஞ்சம் குறைந்தது.

கை கழுவிவிட்டு வந்தவள், அப்போதுதான் நினைவு வந்தவள்போலக் கேட்டாள்:

"அந்தக் கப்பல் திரும்பியும் அந்த ஊருக்குப் போகுமா?"

"போகும்," என்றாள் ஜெமீலா.

"கட்டாயம் போகுமா?"

"போய்க்கொண்டேதான் இரிக்கி."

"அப்ப நான் கடல் கூடாது, கப்பல் கூடாது எண்டு சொன்னதெல்லாம் விடுங்க மதினி. என்ட கோழியள வித்தாவது நானும் வாறன். உங்கட இத்தா முடியட்டும், நாம ரெண்டு பேரும் போவம். இன்ஷாப் ஏத்தி விடுவான். நீங்கதானே இடம் தெரிஞ்ச ஆள், நேரா என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்க."

குசினி வாசலில் இன்ஷாப் வந்து நிற்பதை ஜெமீலா கண்டாள். அவனைப் பார்க்காமல், லைலாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓம்" என்றாள்.